வேரில்லாத செடிக்கும் உண்டு மறுதாம்பு

மறையூர்க் கரும்புக்குத் தெளிக்கும் பாசிச் சாறு எங்கிருந்து வருகிறது? மன்னார் வளைகுடாவின் பழுப்புப் பாசிக்கு உயிர் அதன் அடிக்கட்டையில் இருக்கிறது. அதை விட்டுவைப்பதா, பெயர்த்தெடுப்பதா என்பதில் அடங்கியிருக்கிறது ஒரு கடற்கரையின் பிழைப்பு.

கரும்பு வெட்டி முடித்த மறையூர் வயலை முதல் முறை பார்க்கிறவர்கள் ஐயோ பாவம் என்றுதான் நினைப்பார்கள். காய்ந்த தோகை சிதறிக் கிடக்கிறது. தரையோடு ஒட்டி அரிந்த கட்டைகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. பக்கத்துக் கொட்டகையில் கொப்பரை கொதிக்கிறது, அடியில் சக்கை எரிகிறது. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற மறையூர் வெல்லம் சூடு ஆறுவதற்குள் கையால் உருண்டை பிடிக்கப்படுகிறது. வயலுக்குச் சொந்தக்காரருக்கோ துளி வருத்தமில்லை. கட்டைக்கு மண் அணைத்துத் தண்ணீர் விட்டால் சில வாரங்களில் பச்சை எட்டிப் பார்க்கும். புதிதாக உழ வேண்டாம், கரணை நட வேண்டாம். விவசாயிகள் மறுதாம்பு என்று சொல்வது இதைத்தான்.

அவர் கையில் ஒரு பிளாஸ்டிக் பாட்டில். உள்ளே காப்பி டிகாஷன் போலக் கருத்த திரவம். கடற்பாசிச் சாறு என்கிறது லேபிள். "தண்ணியில கலந்து தெளிக்கச் சொல்றாங்க, தெளிக்கிறேன். ஆனா இது என்ன செடிங்க? நம்ம கரும்பு மாதிரி நட்டு வளர்க்கிறாங்களா, இல்ல சந்தனம் மாதிரி தானா வளருதா?" என்று கேட்கிறார்.

மறையூரில் கேட்க வேண்டிய கேள்விதான் இது. ஒரு பக்கம் கரும்பு வயல், மறுபக்கம் வனத்துறை வேலி போட்டுக் காக்கும் சந்தனக் காடு என்று வாழ்கிற ஊர். கரும்பைக் கட்டை விட்டு வெட்டுவார்கள். சந்தன மரத்தையோ வேரோடு தோண்டித்தான் எடுப்பார்கள், வேரில்தான் எண்ணெய் மிகுதி என்பதால். இந்த இரண்டு அறுவடைக்கும் உள்ள வித்தியாசம் மறையூர்க்காரருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மலையிலிருந்து கண்ணுக்கெட்டாத தூரத்தில், ராமநாதபுரம் மாவட்டக் கடலில், அதே வித்தியாசம்தான் ஒரு பாசியின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கிறது.

கேரளத்தில் கிழக்கு நோக்கி ஓடும் மூன்று ஆறுகளில் ஒன்றான பாம்பாறு இந்த மலைச்சரிவில்தான் இறங்குகிறது. அமராவதியோடு சேர்ந்து காவிரியில் கலந்து வங்கக் கடலுக்குப் போகிறது அந்தத் தண்ணீர். மலைத் தண்ணீர் கடலுக்குப் போக, கடல் பாசி பாட்டிலில் மலைக்கு வருகிறது.

ஒரு சொல், பல உயிர்கள்

பாசி என்ற சொல் தமிழில் படாத பாடு படுகிறது. குளத்துப் படியில் வழுக்குவதும் பாசி, கழுத்தில் கோத்து அணியும் மணியும் பாசி, பொங்கலில் போடும் பருப்பும் பாசி. கடலில் வளரும் நூற்றுக்கணக்கான இனங்களுக்கும் புத்தகத்தில் ஒரே பெயர்தான், கடற்பாசி. ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்க்க உட்கார்ந்தால் சங்கடம் இன்னும் கூடும். வேர் என்று எழுதினால் தவறு. தண்டு, இலை, காய் என்று எழுதினாலும் தவறு. இவற்றில் எதுவும் இந்தப் பாசிக்குக் கிடையாது, ஆனால் எல்லாம் இருப்பது போலத் தோன்றும்.

கடலில் மூழ்கி எடுக்கிறவர்களுக்கு இந்தக் குழப்பம் இல்லை. மண்டபம், பாம்பன், ராமேசுவரம் கரையில் ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர் உண்டு. மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி இரண்டும் செம்பாசி வகை. அகர் என்ற கூழ்ப்பொருள் அவற்றிலிருந்து கிடைக்கிறது. கட்டக்கோரை, பக்கோடாப் பாசி இரண்டும் பழுப்புப் பாசி வகை. இவற்றிலிருந்து கிடைப்பது அல்ஜினேட். விஞ்ஞானிகள் கட்டக்கோரையைச் சர்காசம் என்றும் பக்கோடாப் பாசியை டர்பினேரியா என்றும் அழைக்கிறார்கள். வடைச் சட்டியில் பொரித்த பக்கோடாவைப் போல முறுமுறுவென்று முள் நீட்டி நிற்கும் பாசிக்கு இதைவிடப் பொருத்தமான பெயரை எந்தத் தாவரவியல் அறிஞரும் வைத்திருக்க முடியாது.

இந்தக் கரையில் மிகுதியாகப் பேசப்படும் கட்டக்கோரைக்குச் சர்காசம் வைட்டியை என்று பெயர். இப்போது பல ஆய்வாளர்கள் இதைச் சர்காசம் ஸ்வார்ட்சியை என்ற இனத்தோடு சேர்த்துவிட்டார்கள். பழைய பெயரில் இருப்பவர் ராபர்ட் வைட். கிழக்கிந்தியக் கம்பெனியின் டாக்டராக 1819இல் சென்னை ராஜதானிக்கு வந்து தாவரங்களைத் தேடி அலைந்த ஸ்காட்லாந்துக்காரர். மறையூருக்கு அண்டையிலுள்ள பழனி மலையைப் பற்றி 1830களில் எழுதியவர். மலைச் செடியோடு கடல் பாசியையும் சேகரித்தார். அவற்றை ஆராய்ந்த நண்பர் கிரெவில் ஒன்றுக்கு அவர் பெயரையே சூட்டினார். இந்தியப் பாசியியலின் தந்தை என்று போற்றப்படும் சென்னைப் பேராசிரியர் எம்.ஓ.பி. அய்யங்கார் மண்டபத்துக்கு அருகிலுள்ள குருசடைத் தீவின் பாசிகளைப் பற்றி 1927இல் எழுதினார். இந்தத் தீவுகள் நூறாண்டுகளாகவே ஆய்வாளர்களின் பள்ளிக்கூடம்.

அடியிலிருந்து நுனி வரை

கடல் வற்றம் கண்ட நேரத்தில் கரையோரப் பவளப் பாறையில் நடந்தால் கட்டக்கோரை காலில் தட்டுப்படும். நீர் இல்லாதபோது துவண்டு பாறைமேல் படுத்திருக்கும். நீர் ஏறியதும் எழுந்து நின்று ஆடும். ஒரு செடியை அடியிலிருந்து பார்ப்போம்.

அடியில் பாறையை இறுகப் பிடித்த ஒரு வட்டு. ஆங்கிலத்தில் ஹோல்ட்ஃபாஸ்ட், பாடநூல் தமிழில் பற்றுறுப்பு. நிலத்துச் செடியின் வேர் இரண்டு வேலை பார்க்கிறது: மண்ணைப் பிடிக்கிறது, நீரையும் சத்தையும் உறிஞ்சுகிறது. பற்றுறுப்புக்கு முதல் வேலை மட்டும்தான். கடல்நீரில் கரைந்துள்ள சத்தைப் பாசி தன் உடல் முழுவதாலும் எடுத்துக்கொள்கிறது. எனவே அதற்கு மண் தேவையில்லை, கல்தான் தேவை. மணற்பாங்கான கடலடியில் கட்டக்கோரைக் காடு இல்லாததற்குக் காரணம் அதுவே.

பற்றுறுப்பின் மேல் விரற்கடை அளவுக்குக் குட்டையான, தடித்த அச்சு. அதிலிருந்து நீண்ட கிளைகள் கிளம்புகின்றன. கிளைகளில் ஒடுக்கமான, இலை போன்ற தகடுகள். தகடுகளுக்கு இடையே மிளகு, பட்டாணி அளவில் காற்றுப் பைகள். அழுத்தினால் பட்டென்று வெடிக்கும். கரையோரப் பிள்ளைகளுக்கு அது விளையாட்டு, பாசிக்கு அது உயிர்ப் பிரச்னை. நீருக்குள் வெளிச்சம் மேலிருந்துதான் வருகிறது. தண்டில் மரத்தின் வலு இல்லாத பாசி எப்படி நிமிர்ந்து நிற்கும்? காற்றுப் பைகள் அதை மேலே தூக்கிப் பிடிக்கின்றன. அடியில் நங்கூரம், மேலே மிதவை, நடுவே கயிறு. வலை கட்டும் மீனவருக்கு இந்த அமைப்பை விளக்க வேண்டியதில்லை.

அந்தக் கயிறு ஏன் அறுவதில்லை? பாசியின் செல் சுவரில் செல்லுலோஸோடு அல்ஜினிக் அமிலமும் இருக்கிறது. கடல்நீரிலுள்ள கால்சியத்தோடு சேர்ந்து அது ரப்பர் போன்ற கூழாகிறது. அலை இழுத்தால் முறியாமல் வளைந்து கொடுக்கிறது. வற்றத்தில் வெயில் அடித்தால் ஈரத்தைச் சுலபமாக விடாமல் பிடித்து வைக்கிறது. 1880களில் பிரிட்டிஷ் வேதியியலாளர் ஸ்டான்ஃபோர்டு இந்தப் பொருளைப் பிரித்தெடுத்தார். இன்று ஐஸ்கிரீம் கட்டிதட்டாமல் இருக்கவும், துணியில் அச்சிடும் சாயம் பரவாமல் நிற்கவும், பல் டாக்டர் அச்சு எடுக்கும் மாவிலும் பயன்படுவது அதுதான். காய்ந்த கட்டக்கோரையின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு வரை அல்ஜினேட் கிடைக்கும். 1960களின் நடுவிலிருந்து இந்தக் கரையில் பாசி ஒரு சரக்கானதற்குக் காரணம் இதுவே.

செடி போலிருக்கும், செடியல்ல

பச்சை இலை, பழுப்புப் பாசி இரண்டுமே பச்சையம் கொண்டு வெயிலில் உணவு சமைக்கின்றன. ஆனால் பழுப்புப் பாசியில் ஃபியூகோசாந்தின் என்ற நிறமி மிகுந்திருந்து பச்சையை மூடி மறைக்கிறது. ஆழத்தில் எட்டும் நீல, பச்சை ஒளியைப் பிடிக்க இந்த நிறமி உதவுகிறது. நம்பாதவர்கள் சமையலறையிலேயே சோதிக்கலாம். பல பழுப்புப் பாசிகளைக் கொதிநீரில் போட்டால் சட்டென்று பச்சையாகிவிடும். சூட்டில் நிறமியின் பிடி தளர, ஒளிந்திருந்த பச்சை வெளியே வருகிறது.

வித்தியாசம் நிறத்தோடு நிற்பதில்லை. கரும்பும் நெல்லும் மாவுச்சத்தாகவும் சர்க்கரையாகவும் சேமிப்பதைப் பழுப்புப் பாசி லாமினாரின், மானிட்டால் என்ற வேறு பொருள்களாகச் சேமிக்கிறது. வம்ச வழியில் பார்த்தால் கரும்புக்கும் கட்டக்கோரைக்கும் உறவு வெகு தூரம். டயாட்டம் என்ற நுண்பாசிகள்தான் கட்டக்கோரைக்குப் பங்காளிகள். ஒரு செல் உயிர் ஒன்று எப்போதோ ஒரு செம்பாசியை விழுங்கி, செரிக்காமல் உள்ளேயே குடிவைத்துக் கொண்டதிலிருந்து இந்த வம்சத்தின் பசுங்கணிகம் வந்தது என்கிறது உயிரியல். தரையில் மரமும் செடியும் உருவானதற்குத் தொடர்பே இல்லாமல், கடலில் தனியாகத் தண்டும் இலையும் போன்ற உருவத்தை இது கண்டுபிடித்திருக்கிறது.

ஒரு வம்சம், பல உருவங்கள்

உலகில் பழுப்புப் பாசி இனங்கள் ஏறக்குறைய 2,000. நன்னீரில் வாழ்பவை விரல்விட்டு எண்ணக்கூடியவை, மற்றதெல்லாம் கடல்தான். உருவத்திலோ ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதது போல இருக்கும். அந்த உருவ வேறுபாட்டுக்கு ஒரு சாவி உண்டு: வளரும் செல் உடம்பின் எந்த இடத்தில் இருக்கிறது?

எக்டோகார்பஸ் நூல் போன்றது. நூலின் பல இடங்களிலும் செல்கள் பிரிந்து நீளும். பழுப்புப் பாசிகளில் முதன் முதலாக, 2010இல், மரபணுத் தொகுதி முழுவதும் படிக்கப்பட்டது இதற்குத்தான். டிக்டியோட்டாவில் நுனியில் ஒரே ஒரு வளர் செல். அது இரண்டாகப் பிரியும்போதெல்லாம் தகடும் இரண்டாகக் கவைக்கும். பேடினாவில் வளர் செல்கள் விளிம்பு நெடுகிலும் வரிசையாக நிற்கின்றன. அதனால் அது விசிறியாக விரிகிறது. மயில்தோகை போல வளைவு வளைவாகக் கோடுகள். மேலே வெள்ளைப் பூச்சாகத் தெரிவது சுண்ணாம்பு. பழுப்புப் பாசிகளில் சுண்ணாம்பு படியும் வகை மிக அபூர்வம். கொல்போமேனியா உள்ளே வெற்றிடம் கொண்ட பை போல உப்பியிருக்கும்.

குளிர்க் கடல்களின் ராட்சதப் பாசியான கெல்ப், தகடும் தண்டும் சேரும் இடத்தில் வளர்கிறது. நல்ல காலத்தில் ஒரே நாளில் ஒரு முழம் வரை நீளும். 40 மீட்டருக்கு மேல் எட்டும். நம் வெதுவெதுப்பான கடலில் அது கிடையாது. இங்கே காடு என்றால் சர்காசமும் டர்பினேரியாவும்தான்.

டர்பினேரியா, கட்டக்கோரைக்கு உறவு. தகடுகள் தட்டையாக இல்லாமல் கெட்டியான எக்காளம் போல, விளிம்பில் முள்ளோடு இருக்கும். காற்றுப் பை தனியாகத் தொங்காமல் அந்த எக்காளத்துக்குள்ளேயே பொதிந்திருக்கும். மீன் கடிக்க இது சுலபமான தீனி அல்ல. தஹிதி சுற்றுவட்டாரப் பவளப் பாறைகளில் 1980களிலிருந்து இந்தப் பாசி பரவிய கதை ஆய்வாளர்களுக்குப் பரிச்சயமானது. முதிர்ந்த செடி மிதக்கும் வலு பெற்று, பிய்ந்து, நீரோட்டத்தில் புதுப் பாறை தேடிப் போகிறது.

சர்காசத்தில் மட்டும் 300க்கு மேற்பட்ட இனங்கள். பெரும்பாலானவை கல்லைப் பிடித்து வாழ்பவை. அட்லான்டிக் நடுவே சர்காசோ கடலில் மிதக்கும் இரண்டு இனங்கள் விலக்கு. அவற்றுக்குப் பற்றுறுப்பே இல்லை, இனப்பெருக்க உறுப்பும் இல்லை. துண்டு துண்டாக உடைந்தே பெருகுகின்றன. 1492இல் கொலம்பஸின் கப்பல்கள் கடந்தது அவற்றைத்தான். 2011இலிருந்து அவை வேறொரு பகுதியிலும் பெருகத் தொடங்கின. 2018 ஜூனில் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து மெக்சிகோ வளைகுடா வரை 8,850 கி.மீ. நீளத்துக்கு, 2 கோடி டன்னுக்கு மேல் மிதந்ததாகச் செயற்கைக்கோள் படங்கள் காட்டின. கரீபியன் கடற்கரைகளில் அது அள்ளி மாளாத குப்பை. மன்னார் வளைகுடாவின் கட்டக்கோரை அதே பெயர் கொண்ட உறவுதான் என்றாலும் கதை நேர் எதிர். இது கல்லை விட்டால் நெடுநாள் பிழைக்காது.

தாயின் காலடியில்

கட்டக்கோரை முதிர்ந்ததும் தகடுகளின் கக்கத்தில் சிறு கொத்துகள் தோன்றும். பார்ப்பதற்குப் பிஞ்சுக் காய் போலிருக்கும். அவற்றின் மேல் நுண்ணிய துளைகள், உள்ளே சிறு அறைகள். அங்கேதான் முட்டையும் விந்தும் உருவாகின்றன. வெளியே வரும் முட்டை உடனே கடலில் மிதந்து போய்விடுவதில்லை. பசை போன்ற திரவத்தில் ஒட்டியபடி தாயின் மேலேயே தங்குகிறது. நீந்தி வரும் விந்தணு அதைக் கண்டுபிடிக்கிறது. கருவுற்று, சில முறை செல் பிரிந்து, கனத்த பிறகுதான் குட்டிப் பாசி கீழே விழுகிறது. விழுந்ததும் நுண்ணிழைகளால் கல்லைப் பற்றுகிறது.

இதன் பொருள் எளிது: பெரும்பாலான குட்டிகள் தாயின் காலடியிலேயே முளைக்கின்றன. கொத்தோடு அறுந்து மிதக்கும் கிளைகள் சில தூரம் கொண்டுபோகலாம். ஆனால் ஒரு பாறையில் செடிகள் ஒட்டுமொத்தமாக அழிந்தால், காற்றில் விதை வந்து காடு மீள்வது போல இங்கே சுலபத்தில் நடக்காது.

ஆனால் அடி பிழைத்தால் வேறு கதை. நீண்ட கிளைகள் ஒரு பருவத்துக்கு உரியவை. முதிர்ந்து, இனம் பெருக்கி, அலையில் உதிர்ந்துவிடும். பற்றுறுப்பும் அதன் மேலுள்ள குட்டை அச்சும் பல ஆண்டு உயிரோடிருக்கும். அடுத்த பருவத்தில் அந்த அச்சிலிருந்தே புதுக் கிளைகள் கிளம்பும். கிளையின் வளர் செல் நுனியில் இருப்பதால் வெட்டிய கிளை மறுபடி நீளாது. மறுபடி வளர்வது அடியிலிருந்து. கரும்புக் கட்டையின் கணுவிலுள்ள முளைக்கு நிகரானது கட்டக்கோரையின் அந்த விரற்கடை அச்சு. கடலிலும் மறுதாம்பு உண்டு, கட்டையை விட்டுவைத்தால்.

வட அட்லான்டிக் கரையில் இதைச் சட்டமாகவே எழுதியிருக்கிறார்கள். அங்கே பாறையில் வளரும் அஸ்கோஃபில்லம் என்ற பழுப்புப் பாசிதான் உலகெங்கும் விற்கும் பாசிச் சாறுகளுக்கு முக்கிய மூலப்பொருள். அதன் கிளையில் பொதுவாக ஆண்டுக்கு ஒரு காற்றுப் பை உருவாகும். எண்ணிப் பார்த்து வயதைக் கணக்கிடலாம். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் இதை அறுப்பவர்கள் பற்றுறுப்புக்கு மேல் 16 அங்குலம் விட்டுத்தான் அறுக்க வேண்டும். வெட்டும் உயரத்தை அளவுகோல் வைத்துச் சொல்கிறது அரசு.

கை எங்கே பிடிக்கிறது

ராமநாதபுரம் கரையில் அந்த அளவுகோல் பெண்களின் கைதான். கண்ணில் நீர்க்கண்ணாடி, விரல்களில் துணிச் சுற்று, இடுப்பில் வலைப்பை. மூச்சை அடக்கி மூழ்கி, கைக்கு அகப்பட்டதைப் பறித்து, மேலே வந்து மூச்சு வாங்கி, மறுபடி மூழ்கல். பாறை கீறும், அலை தூக்கி அடிக்கும். கரைக்கு வந்தால் வெயிலில் உலர்த்த வேண்டும். பச்சைப் பாசியின் எடையில் பெரும்பகுதி தண்ணீர். உலர்ந்த பிறகு மிச்சமிருப்பதற்குத்தான் வியாபாரி காசு கொடுக்கிறார். அங்கிருந்து சரக்கு தொழிற்சாலைகளுக்குப் போகிறது.

எடைக்குக் காசு என்றால் என்ன நடக்கும் என்று ஊகிப்பது கடினமல்ல. அடி வட்டும் எடைதான். வேகமாகப் பறிக்கிற கைக்கு வட்டோடு பெயர்த்தெடுப்பது சுலபம். இரும்பால் சுரண்டினால் இன்னும் சுலபம். ஆனால் வட்டோடு அது பிடித்திருந்த பவளத் துண்டும் வரும், குட்டிகள் முளைக்க இருந்த இடமும் போகும். கட்டக்கோரைக் காட்டில் ஓரா மீன் மேய்கிறது, குஞ்சு மீன் ஒளிகிறது. பாசி போனால் மீனவர் வலையிலும் அது தெரியும்.

தீவுகளைக் காக்க அரசு எடுத்த வழி வேலி. ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையிலுள்ள 21 தீவுகள் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாயின. 1989இல் அந்தப் பகுதி உயிர்க்கோளக் காப்பகமானது. பெண்கள் தாய், பாட்டி காலத்திலிருந்து போய் வந்த பாறைகள் பூங்காவுக்குள் போய்விட்டன. 2000க்குப் பிறகு கெடுபிடி இறுகியது. பவளத்தைக் காப்பது அவசியம்தான். 2010இலும் 2016இலும் கடல் சூடேறிப் பவளம் வெளுத்த நீர் இது. ஆனால் வட்டோடு பிடுங்குகிறவரையும் வட்டை விட்டுக் கிளையைப் பறிக்கிறவரையும் வேலி ஒன்றாகவே பார்க்கிறது.

பெண்கள் தங்களுக்குள்ளேயே ஒரு கட்டுப்பாட்டுக்கு வந்தார்கள். மாதத்தில் 12 நாள் மட்டுமே பாசி எடுப்பது, மீன் இனப்பெருக்கக் காலத்தில் கடலில் இறங்காதிருப்பது. பாம்பனை ஒட்டிய சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்தி இந்தப் பெண்களைத் திரட்டி, அவர்கள் தரப்பை அதிகாரிகளிடம் எடுத்துச் சொன்னவர். சிறு வயதிலிருந்து பாசி எடுப்பவர். தீவுகளின் சூழலைக் காக்கப் பாடுபடுகிறவர்களுக்கு அமெரிக்காவின் சீகாலஜி அமைப்பு வழங்கும் பரிசை 2015இல் பெற்றார். பாசி எடுப்பதைக் குற்றமாகப் பார்க்கும் கரையில், பாசி எடுக்கும் ஒரு பெண்ணுக்குச் சூழல் காத்ததற்காகப் பரிசு!

விருதைவிட முக்கியமானது அந்த 12 நாள் கணக்கு. பறித்த இடத்துக்கு மூச்சு விட அவகாசம் கொடுக்கிறது அது. அடிக்கட்டையை விட்டுப் பறிக்க வேண்டும் என்று பாசி ஆய்வாளர்களும் சொல்லி வந்திருக்கிறார்கள். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1947இல் தொடங்கப்பட்டது. 1971இல் தலைமையகம் கொச்சிக்குப் போகும் வரை மண்டபம்தான் அதன் வீடு. பாவ்நகரிலுள்ள மத்திய உப்பு மற்றும் கடல் வேதியியல் ஆராய்ச்சி நிறுவனமும் மண்டபத்தில் பாசி ஆய்வு நிலையம் வைத்திருக்கிறது. பாசியின் உடலமைப்பு தெரிந்த விஞ்ஞானியும், அதைக் கையால் தொட்டே அறிந்த பெண்ணும் சொல்வது ஒன்றுதான். அந்த இரண்டு அறிவும் சேர்ந்தால் வேலியைவிட நல்ல சட்டம் எழுத முடியும். எங்கே பறிக்கலாம், எந்த மாதத்தில், வட்டுக்கு மேல் எத்தனை அங்குலம் விட்டு என்று சொல்கிற சட்டம்.

வட்டோடு வந்த பாசிக்குக் குறைந்த விலை, கிளையாக மட்டும் வந்ததற்குக் கூடுதல் விலை என்று வாங்குகிறவர்கள் வைத்தால் பாதி வேலை முடிந்துவிடும். உலர்ந்த மூட்டையைப் பிரித்தால் வட்டும் கல்லும் கண்ணுக்குத் தெரிகிற விஷயம்தானே.

நட்டு வளர்க்கக் கூடாதா?

கூடும், ஆனால் எல்லாப் பாசியையும் அல்ல. ராமநாதபுரம் கடலில் மூங்கில் மிதவைகளில் கட்டி வளர்ப்பது கப்பாஃபைக்கஸ் என்ற செம்பாசியை. துண்டைக் கயிற்றில் கட்டினால் கரும்புக் கரணை போல வளரும். பிழிந்தால் சாறு உரமாகிறது, சக்கையிலிருந்து கராகீனன் என்ற கூழ்ப்பொருள் கிடைக்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்த இந்தப் பாசி குருசடைத் தீவின் பவளத்தின் மேல் படர்ந்துவிட்டதாக 2008இல் ஆய்வாளர்கள் எச்சரித்தார்கள். ராமநாதபுரம் மாவட்டம் வளமாவூரில் 127 கோடி ரூபாய்க்கு மேல் மதிப்பீட்டில் பல்நோக்குக் கடற்பாசிப் பூங்காவுக்கு 2023இல் அடிக்கல் நாட்டப்பட்டது. வளர்ப்பு பெருகினால் பெண்களுக்கு வருமானம் வரும். ஆனால் கட்டக்கோரையின் இடத்தை அது நிரப்பாது. இங்கே கட்டக்கோரை இன்னும் காட்டுப் பயிர்தான்.

சாறு கரும்புக்கு என்ன செய்யும்? பாசிச் சாற்றில் சைட்டோகைனின், ஆக்சின் போன்ற வளர்ச்சி ஊக்கிகள், மானிட்டால், பொட்டாசியம் இருக்கின்றன. தழைச்சத்து சொற்பம். எருவுக்கும் உரத்துக்கும் துணையே தவிர மாற்று அல்ல. இத்தகைய உயிரூக்கிகளை மத்திய அரசு 2021இல் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் கொண்டுவந்தது. கடற்கரைத் தென்னந்தோப்புக்காரர்கள் ஒதுங்கிய பாசியை மரத்தடியில் புதைப்பது பழைய வழக்கம். அது கடல் தானே கழித்தது, பறித்ததல்ல.

மறையூர் விவசாயியின் கேள்விக்கு ஆக இரண்டு பதில். பாட்டிலில் செம்பாசி இருந்தால் அது கரும்பு போல நட்டு வளர்த்ததாக இருக்கலாம். நம் கரைப் பழுப்புப் பாசி இருந்தால் சந்தனம் போலத் தானாக வளர்ந்தது. ஆனால் சந்தனத்தைப் போல அடியோடு எடுக்க வேண்டிய அவசியம் அதற்கு இல்லை.

இதைச் சொன்னதும் அவர் அரிந்த வயலைத் திரும்பிப் பார்க்கிறார். "அப்ப அவங்களும் கட்டையை விட்டுத்தான் அறுக்கணும். அதைக்கூட அவங்களுக்கு யாரும் சொல்லலையா?"

அவர்களுக்குத் தெரியும். தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் எடை போட்டு வாங்குகிறவர்களும், வேலி போடுகிறவர்களும், பாட்டிலை வாங்கும் நாமும்தான்.